மூன்றாவது வீட்டுக்குக் கேட்ட குரல்

மாமா விழுந்தது எனக்குக் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஒரே வீடு. அவர் மாடியில், நான் கீழே. ஆனால் எங்கள் சுபாங் ஜெயா வீட்டில் சமையலறையைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறோம் — தாமான் குடியிருப்பில் எல்லாரும் செய்வதுதான். அங்கே மிக்ஸி ஓடினால் வாசலில் லோரி வந்து மோதினாலும் தெரியாது. சட்னி அரைத்து முடித்து, காப்பியோடு மேலே போனால்... கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கிடக்கிறார் மனிதர். எவ்வளவு நேரமாகவோ!

"ஏன் மாமா கூப்பிடல?" என்று பதறினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. ரயில்வேயில் வேலை பார்த்து, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ஓய்வு பெற்றவர். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! போன வருடம் பக்கவாதம் வந்து கையையும் காலையும் நாக்கையும் சேர்த்து இழுத்துவிட்டது. கை ஓரளவு தேறிவிட்டது. நாக்கு மட்டும் இன்னும் குழறுகிறது. அதில் அவருக்கு அவ்வளவு வெட்கம். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். "தினமும் சத்தமா எதையாவது சொல்லுங்க அங்கிள்" என்று தெரபிஸ்ட் பெண் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். ம்ஹூம்.

செய்தி கேட்டு கிள்ளானிலிருந்து நாத்தனார் ஓடி வந்தார்.

"நீ நல்லாத்தான் பாத்துக்கிறே, இல்லேங்கல. ஆனா அவரு விழுந்தது உனக்குக் கேக்கலையேலா! செமினில வயசானவங்களுக்கு ஒரு ஹோம் இருக்கு. நர்ஸ் எல்லாம் இருக்காங்க. அங்க சேத்துடுவோம்."

சுருக்கென்றது எனக்கு. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? பெற்ற அப்பா தரையில் கிடந்தார் என்றால் எந்த மகளுக்கு மனம் தாங்கும்?

"ஒரு மாசம் டைம் குடுக்கா. ஏதாவது சிஸ்டம் போட்டுடறேன்" என்றார் என் கணவர்.

மாமா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இந்த வீட்டில் இருப்பதா போவதா என்று தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

சிஸ்டம் வாங்கப் பெட்டாலிங் ஜெயா போனோம். கடைக்காரத் தம்பிக்கு என் கணவர் 'பாஸ்'. நான் 'ஆன்டி'. சரி, போகட்டும்.

"இதுதான் லேட்டஸ்ட் பாஸ். கழுத்துல மாட்டிக்கிற பட்டன். அமுக்குனா மெஷின் தானா உங்க ஆபீசுக்கு போன் போடும்."

பிரமாதம். ஆனால் எங்கள் தாமானில் மழை பெய்தால் போன் செத்துவிடும். மழை எப்போது பெய்யும் என்று கேட்கிறீர்களா? நீங்கள் இந்த ஊர் இல்லை போலிருக்கிறது! அதுவும் தவிர, மாடியில் இருப்பவர் கீழே இருக்கும் மருமகளைக் கூப்பிட, எக்ஸ்சேஞ்ச் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமா என்ன?

"போன் லைனே வேணாத மாதிரி ஒண்ணு குடுங்க தம்பி" என்றேன்.

எடுத்துக் கொடுத்தார். இரண்டு சின்ன வெள்ளைப் பெட்டிகள். இன்டர்காம். ஒன்றை மாடியில் பிளக்கில் செருகு, இன்னொன்றைச் சமையலறையில் செருகு. வீட்டு மின்சாரக் கம்பி வழியாகவே குரல் வந்துவிடும். மாமாவின் கைக்குப் பட்டனை அமுக்கிப் பிடிக்கத் தெம்பில்லை என்பதால், அதை எப்போதும் பேசும்படி லாக் செய்து கட்டிலருகே வைத்தார் என் கணவர். லாக் என்பதை மாமாவிடம் சொன்னாரோ, மறந்தாரோ!

அடுத்த நாள் மத்தியானம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பெட்டி பேசியது.

"பெ... பெட்டாலிங்... பத்து தீகா... பாடாங் ஜாவா... கிள்...ளான்..."

மாமா! போர்ட் கிள்ளான் லைனில் உள்ள ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில் தனியாகப் பயிற்சி எடுக்கிறார். குழாயை மூடிவிட்டு நின்று கேட்டேன். அவரிடம் மூச்சு விடவில்லை. தினமும் நடந்தது. நடுநடுவே பெட்டியில் பூனை கத்துவது போல ஏதோ ஒரு சத்தம். மலிவான சாமான், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அது பூனை இல்லை.

ஒரு சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு மலாய்ப் பெண், இடுப்பில் குழந்தையோடு. நூரா என்று பேர். இதே வரிசையில் எங்களிலிருந்து மூன்றாவது வீடு. தயங்கித் தயங்கி மலாயில் கேட்டாள்: "காக், உங்கள் வீட்டில் ரயில் ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லும் அத்தோக் யாராவது இருக்கிறாரா?" காக் என்றால் அக்கா, அத்தோக் என்றால் தாத்தா.

குழந்தை அறையில் அவளும் இதே இன்டர்காமை வைத்திருக்கிறாள். எங்கள் மாமா அங்கே போய்ப் பேசியிருக்கிறார்! கரண்ட் போகும்போது நீங்களும் கவனித்திருப்பீர்கள். நம் வீடு இருட்டு, பக்கத்தில் இரண்டு வீட்டில் விளக்கு எரியும், மூன்றாவது வீடு மறுபடி இருட்டு. தெருவில் ஓடும் மூன்று மின்கம்பியில் எங்களுக்கும் நூராவுக்கும் ஒரே கம்பி. அந்தக் கம்பி எங்கள் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை என்று கடைக்காரத் தம்பி சொல்லவே இல்லை.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "நிறுத்திவிடாதீர்கள் காக். மத்தியானத்தில் இவன் தூங்கவே மாட்டான். அத்தோக் பேசினால்தான் தூங்குகிறான்."

மேலே ஓடிப் போய் மாமாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன் பாருங்கள்... முகம் சிவந்துவிட்டது.

"ஊ...ருக்கே கேட்டுச்சா?"

"ஊருக்கெல்லாம் இல்ல மாமா. ஒரு புள்ளைக்கு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இடது கையால் லாக்கைத் தட்டி எடுத்துவிட்டார். அதன்பின் ஸ்டேஷன் இல்லை, ஒன்றும் இல்லை. போச்சு என்று எனக்குள் அழுகை முட்டியது. மாதமும் முடியப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் காரோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மேலும் கீழும் இரண்டு பெட்டியிலும் அந்தக் குழந்தை அழுகிறது. சும்மா சிணுங்கல் இல்லை, வீறிட்டு அழுகை. நூரா ஏதோ பாடிப் பார்க்கிறாள். நிற்கவில்லை. எனக்கே தாங்காமல் மாடிப்படி ஏறினேன். மேலே லாக் விழும் 'டக்' சத்தம் கேட்டுப் பாதியில் நின்றுவிட்டேன்.

"பெ...ட்டாலிங்..."

அழுகை ஒரு நொடி நின்றது.

"பத்து தீகா..."

ஞாயிறு வந்தது. நாத்தனாரும் வந்தார். "சும்மா பாத்துட்டு வரலாம்பா. புடிக்கலேன்னா திரும்பிடலாம்" என்று அப்பாவின் சட்டையைக் கையில் எடுத்தார். அவருக்கும் குரல் சரியாக இல்லை.

"மத்தியானம்... முடியாதும்மா" என்றார் மாமா. "புள்ள தூங்கணும்... நான் சொன்னாத்தான்... தூங்குவான்."

பக்கவாதம் வந்த பிறகு அப்பா முழுசாகச் சொல்லி நாத்தனார் கேட்ட முதல் பேச்சு அதுதான். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்தப் பிள்ளை என்று நான் விளக்கிச் சொன்னேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

"சரி, மறுபடி விழுந்தா? அப்பவாவது வாயத் தொறந்து கூப்பிடுவீங்களா?"

மாமா மகளை நேராகப் பார்த்தார். "கூப்...பிடுவேன்."

கேட்கிற மெஷினைத் தேடித்தானே நாங்கள் கடை கடையாக அலைந்தோம்? இந்த மனுஷருக்குக் கூப்பிட மனசு வர வேண்டுமே என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நாத்தனார் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"செமினி ஹோமுக்கு நானே போன் பண்ணிடறேன்லா... அப்பாவுக்கு நேரமில்லேன்னு."