மூன்றாவது காக்கா

கறம்பக்குடியில் கண்ட்ரோல் விலைத் துணிக்காகக் காலையிலிருந்து ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். டீச்சரம்மா என்று யாரும் வழிவிடவில்லை. கால் மரத்துவிட்டது. கடைக்குள் யாருக்கோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டதும் எனக்கு எட்டு வயது ஆகிவிட்டது.

அப்போது பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ஒரே ஒரு பாவாடை. அது கிழிந்தபோது ஒட்டுப்போட அப்பாவின் பழைய கறுப்புக் குடைத்துணிதான் வீட்டில் இருந்தது. களை பறித்துவிட்டு வந்த ஆத்தா அலுப்போடு அதைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு காக்கா வடிவில் வெட்டித் தைத்துவிட்டாள். அடுத்த கிழிசலில் இன்னொரு காக்கா. "ஒத்தையா உக்காந்திருந்தா அதுக்கு எப்படிப் பொழுது போகும்?" என்றாள்.

"சோறு வச்சுக் கூப்பிட்டியாடி?" என்று கேலி செய்த என் வகுப்பு வள்ளி, பிறகு தினமும் வந்து எண்ணினாள். நாளைக்கு மூன்றாவது வரும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்னதைக் காப்பாற்ற, அரிவாள்மணையில் வைத்துப் பாவாடையை நானே கிழித்தேன்.

அன்று சாயங்காலம் ஆத்தா கிழிசலைத் தடவினாள். ஓரம் நேராக இருந்தது. அடிப்பாள் என்று நின்றேன்.

"இருக்கிறதே ஒண்ணு. இனிமே எதைக் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவ?" என்று மட்டும் கேட்டு, மிச்சமிருந்த துண்டை எடுத்தாள். அது உடம்புக்கும் வாலுக்கும்தான் போதுமானதாக இருந்தது.

"தல எங்கிட்டு ஆத்தா?"

"சோத்துக்குள்ள விட்டிருக்கு. அதுக்கும் பசிதானே."

நான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். ஆத்தா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். அவள் விரலிடுக்கிலிருந்து ஊசியை நான்தான் உருவினேன்.