கோழிகள் அழிக்காத பெயர்

விமானப் படம் தைத்த நீலத் தொப்பி ஒன்று வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. பார்க்கவே எனக்குப் பிடிக்காது. எறிந்துவிடலாம்தான். ஆனால் அது என்னிடம் வந்து சேர்ந்ததில் என் பிழையும் இருக்கிறது.

ஒஷாவா நகருக்கு அப்பால் ஒரு பண்ணைவீட்டில், பார்வை மங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். மிஸிஸ் என்றே கூப்பிடுவேன். அவருடைய கோழிக்கூடு ஒரு விமானம். பகிடியில்லை. உலகயுத்தத்தில் இங்கே பெடியள் பறக்கப் பழகிய பிரிட்டிஷ் விமானம். யுத்தம் முடிந்ததும் இப்படி எத்தனையோ விமானங்களை வேண்டாமென்று தள்ளிவிட்டார்களாம். சக்கரத்துக்கும் கண்ணாடிக்குமாகப் பண்ணைக் கமக்காரர்கள் அவற்றை இழுத்துப்போனார்கள். மிஸிஸின் தகப்பன் கொண்டுவந்ததில் மிஞ்சிய மரக்கூட்டுக்குள் கோழிகள் குடியேறின.

முட்டை பொறுக்கப் போன ஒருநாள், சிறுமியாக இருந்த மிஸிஸ், இருக்கைக்குப் பக்கத்துப் பலகையில் தன் செல்லப்பெயர் கத்தியால் கீறியிருப்பதைக் கண்டாராம். அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டவர் அண்ணன் மட்டும்தான். அந்த விமானத்தில் பழகி, இங்கிலாந்துக்குப் போய், குண்டுவிமானத்தோடு கடலில் விழுந்தவர். உடல்கூட வரவில்லை. கண் மங்கிய பிறகும் மிஸிஸ் தினமும் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அந்த எழுத்துகளை விரலால் தடவுவார். எச்ச நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

மிஸிஸ் பண்ணையை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டிய நேரம் வந்தபோது, பழைய விமானங்களைத் திருத்திக் காட்சிக்கு வைக்கும் கூட்டம் ஒன்று வந்து கோழிக்கூட்டு விமானத்தைக் கேட்டது. மிஸிஸ் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: அந்தப் பலகையில் கைவைக்கக் கூடாது. வந்தவர் இனிக்க இனிக்கத் தலையாட்டினார். படிவத்தை வாசித்துப் பார்க்கச் சொல்லி மிஸிஸ் என்னிடம் தந்தார். அகதியாக வந்த நாள்முதல், படிவம் என்றால் கையெழுத்துப் போடும் இடத்தைத்தான் எங்கள் கண் தேடும். வாசிக்காமலே எல்லாம் சரி என்று சொன்னேன்; மிஸிஸ் கையெழுத்துப் போட்டார். முழுவதையும் புதிதாக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நிபந்தனையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

திருத்திய விமானத்தின் திறப்புவிழாவுக்கு மிஸிஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். கேக்கிலும் விமானம். இறக்கையை வெட்டித் தின்றுகொண்டே தியாகம், வீரம் என்று பேசினார்கள். சீ, மனிசரா இதுகள்! மிஸிஸ் பலகையைத் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். அரம்போட்டுத் தேய்த்து வார்னிஷ் பூசியிருந்தார்கள். யாரோ கிறுக்கியது என்று நினைத்தார்களாம். சிரித்துக்கொண்டே மிஸிஸின் தலையில் இந்தத் தொப்பியை வைத்தார்கள்.

மிஸிஸ் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குள் எங்கள் தமிழில்தான் கிடக்கிறது.

"இவ்வளவு வருசமாக் கோழியள் இருந்ததுகள். அதுகள்கூட அழிக்கேல்லை."

பிறகு தொப்பியைக் கழற்றி என் கையில் வைத்தார். "நீர் வாசிச்சனீர்தானே?"

அந்த மாரிகாலத்திலேயே மிஸிஸ் கண்ணை மூடிவிட்டார். அந்தக் கூட்டத்தின்மேல் எனக்குள்ள அருவருப்பில் பாதி என்மேலேயே கிடக்கிறது.

போன கிழமை மகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாப் படிவம் வந்தது. "யுத்தகாலத்தில் இருந்தபடியே பாதுகாக்கப்பட்ட விமானம்" பார்க்கப் போகிறார்களாம். அதேதான். கடைசி வரிவரை வாசித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். தொப்பியை எடுத்து மகளின் தலையில் வைத்து, மிஸிஸின் செல்லப்பெயரைச் சொல்லிக்கொடுத்தேன்.

"இருக்கைக்குப் பக்கத்துப் பலகையிலை இருந்த இந்தப் பேர் எங்கையெண்டு, எல்லாருக்கும் கேக்கிறமாதிரிக் கேள்."