பழைய கம்ப்யூட்டருக்கான பதிப்பு

திரையில் இருக்கும் தமிழைக் குரலாகப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருளை எட்டு வருடமாகப் பராமரித்து வருகிறேன். இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். திருத்தத்தான் ஆளில்லை. ஆரம்பத்தில் இரண்டு பேர் இருந்தோம். குழந்தை பிறந்ததும் நண்பர் கழன்றுகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்குத்தான் கழன்றுகொள்ளத் தெரியவில்லை.

பகலில் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஏம்பலத்தில் வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்தால் புகார்கள் வரிசை கட்டி நிற்கும். புதுப் பதிப்பு வெளியிடுவதென்றால் பழைய கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கென்றே வைத்திருக்கும் கிழட்டுப் பெட்டி கிளம்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். இந்தத் தடவை சலித்துப்போய், பழைய கம்ப்யூட்டர்களுக்கான பகுதியையே வெட்டி எறிந்தேன். இனி அவற்றில் இயங்காது என்று வெளியீட்டுக் குறிப்பில் முறையாக எழுதியும் வைத்தேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. உதவிப் பக்கத்தில் என் எண்ணைப் போட்டுவைத்தது என் புத்திசாலித்தனம்.

"அண்ணா, பாகூர்லேர்ந்து பேசுறேன். எனக்குக் கண்ணு தெரியாது. உங்க நம்பர முன்னாடியே போன்ல போட்டு வச்சிருந்தேன். உங்க சாப்ட்வேர வச்சுத்தான் பரிச்சைக்குப் படிக்கிறேன். அதுவா அப்டேட் ஆச்சு, அதுலேர்ந்து பேசவே மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம பரிச்சைண்ணா."

முதலில் எரிச்சல்தான் வந்தது. "குறிப்புல தெளிவா போட்டிருக்கேனேம்மா, படிக்கலையா?"

"அத எதுண்ணா எனக்குப் படிச்சுக் காட்டும்? அதுதான் பேசலியே."

எனக்கு வெட்கமாக இருந்தது. கண் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் செய்துவிட்டு, அது ஊமையாகப் போகிறது என்பதை எழுத்தில் மட்டும் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் இது ஒருமுறைகூட உறைக்கவில்லை.

அன்று சாயங்காலமே வெட்டிய பகுதியைத் திரும்பச் சேர்த்து இன்னொரு பதிப்பு வெளியிட்டேன். ஆனால் பேச்சு நின்றுபோன கம்ப்யூட்டரில் அவள் அதை எப்படி ஏற்றுவாள்? மறுநாள் லீவு போட்டுவிட்டு பைக்கில் பாகூருக்குப் போனேன். அவள் கம்ப்யூட்டர் என்னுடையதைவிடக் கிழடு. அரைமணி நேரம் போராடியதும் அந்தத் தட்டையான குரல் திரும்ப வந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"இத எத்தினி பேருண்ணா பாத்துக்குறீங்க?"

"நான் ஒருத்தன்தாம்மா."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். இதையெல்லாம் விட்டுவிடப் போகிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் அவள் கேட்டாள்:

"உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இன்னாண்ணா பண்றது?"

பையை எடுத்து மாட்டிக்கொண்டேன். கிளம்பும்போது சுவரைத் தடவிக்கொண்டே வாசல்வரை வந்தாள்.

"வண்டிய மெதுவா ஓட்டிக்கினு போங்கண்ணா."

யாரும் சொல்வதுதான். ஆனால் ஏம்பலம் வந்து சேரும்வரை நாற்பதைத் தாண்ட எனக்குத் தைரியம் வரவில்லை.