நாற்பத்தோராம் பக்கமும் ஒரு பிக்கப்பின் வில்பட்டைகளும்

குற்றச்சாட்டு: 2025 மார்ச் 12, புதன்கிழமை, காலை பத்து மணி பதினெட்டு நிமிடத்துக்குக் குச்சவெளிக்கு அப்பாலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த காப்புறுதி நிறுவன மதிப்பீட்டாளர், எங்கள் பிக்கப் வாகனத்தின் அடிப்பகுதியை ஒரு தடவையேனும் குனிந்து பாராமல் பத்தொன்பது நிமிடங்களில் திரும்பிச் சென்று, மார்ச் 18ஆம் திகதியிட்ட அறிக்கையில் பின்வருமாறு எழுதினார்: "பின்பக்க வில்பட்டைகள் பயிற்சியற்ற ஒருவரால் வீட்டில் மாற்றப்பட்டுள்ளன. துருப்பிடிக்காத உருக்கினாலான யூ போல்ட்டுகள் பாவிக்கப்பட்டுள்ளன. காப்புறுதி வழங்க உகந்ததல்ல."

மூன்று வாக்கியங்களில் இரண்டாவது உண்மைக்குப் புறம்பானது. அதற்கான ஆவணங்கள், இந்த வேலை முழுவதையும் பதிந்து வைத்திருக்கும் என் கோவையில் உள்ளன. முதலாவது வாக்கியத்தை ஆவணத்தால் மட்டும் மறுக்க முடியாது. அந்தப் பயிற்சியற்ற ஒருவர் யார் என்பதைச் சொன்னால்தான் அது விளங்கும். அது நான்.

என் பெயர் மாகிரட் கிறிஸ்தோபர். வயது நாற்பத்தெட்டு. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவரின் மகள். சாதாரண தரப் பரீட்சையுடன் படிப்பு நின்றது. 1998இல் திருகோணமலை நகரில் லொறிகள் திருத்தும் கராஜ் ஒன்றின் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடங்கள் இருந்தேன். உதிரிப்பாகங்களை எண்ணிக் கொடுப்பதும் பதிவதும் என் வேலை. பெட்டிகளோடு வரும் கைந்நூல்களை எவரும் எடுப்பதில்லை. மத்தியான இடைவேளையில் அகராதியை வைத்துக்கொண்டு அவற்றை நான் வாசித்தேன். உடைந்த பாகம் எதனால் உடைந்தது என்று சீட்டில் எழுதித் தராத பாஸுக்கு, அதாவது மெக்கானிக்குக்கு, புதிய பாகம் கொடுக்க மாட்டேன். அதனால் எனக்குச் 'சீட்டு மாகிரட்' என்று பெயர் வந்தது. அந்தச் சீட்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேல் வாசித்திருக்கிறேன். வாகனங்கள் எங்கே, ஏன் உடைகின்றன என்பதை நான் படித்தது அங்கேதான்.

2009இல் கிறிஸ்தோபரை மணந்து குச்சவெளிப் பக்கம் வந்தேன். அவர் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்குச் சுழியோடுபவர். 2022 ஜூன் 9ஆம் திகதி கடைசித் தடவை மேலே வந்தவர், வள்ளத்தில் ஏறி இருந்து, கால்களை அசைக்க முடியவில்லை என்றார். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகி நரம்பைத் தாக்கும்; சிகிச்சைக்கு இறங்கிய கணக்கு வேண்டும். வைத்தியசாலையில் வைத்தியர் மூன்று கேள்விகள் கேட்டார். அன்று எத்தனை தரம் இறங்கினார், எவ்வளவு ஆழம், கடைசி முறை எவ்வளவு நேரத்தில் மேலே வந்தார். வள்ளத்தில் இருந்த ஒருவர் நான்கு தரம் என்றார். மற்றவர் ஆறு என்றார். மூன்றாமவர், "வழமையா இறங்கிற மாதிரித்தான் டொக்டர்" என்றார். வைத்தியர் பேனாவை மூடிவிட்டார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கொப்பி உண்டு.

கிறிஸ்தோபரின் கால்கள் முற்றாகச் செத்துவிடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நகர வைத்தியசாலையில் இயன்மருத்துவம். அங்கே பயிற்சி கொடுக்கும் தர்சிகா என்ற பிள்ளை 2024 ஏப்ரலில் என்னைத் தனியே அழைத்து ஒன்றைச் சொன்னா. ஒவ்வொரு முறையும் இவர் கால்கள் பலகை போல விறைத்த நிலையில்தான் வந்து சேருகிறார், ஒரு மணி நேரத்தில் அரை மணி அவற்றை இளக வைப்பதிலேயே போய்விடுகிறது, வழியில் குலுக்கம் குறைந்தால் மிச்ச அரை மணியும் கிடைக்கும் என்று.

குலுக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து கரையோர வீதிக்கு மூன்று கிலோமீற்றரும் இருநூறு மீற்றரும் மணல் தடம், குழியும் திட்டியும். எங்களுடையது வள்ள எஞ்சினும் சிலிண்டர்களும் ஏற்றிய பழைய பிக்கப். அதன் பின்னச்சுக்கு மேலே அடுக்கப்பட்டுள்ள வில்பட்டைகள் ஆயிரம் கிலோ ஏற்றினால்தான் வளைந்து கொடுக்கும். இப்போது எங்கள் பாரம் நாங்கள் இருவரும் ஒரு சக்கர நாற்காலியும். வளையாத பட்டை அதிர்ச்சியை அப்படியே மேலே அனுப்பும். கிறிஸ்தோபருக்கு இதை விளக்கினேன்.

"அப்ப பிழை என்னிலதான். நான் ஆயிரம் கிலோ இல்லை" என்றார்.

2024 ஜூலையில் வேலையைத் தொடங்கினேன். தம்பலகாமத்தில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைக்குப் பின்னால் கிடந்த கைவிடப்பட்ட வான் ஒன்றிலிருந்து, நீளம் கூடிய, தடிப்புக் குறைந்த பட்டைகளைத் தெரிந்தெடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் சுண்ணக்கட்டியால் இலக்கமிட்டு, அதன் வளைவை நூல் பிடித்து அளந்து எழுதினேன். எதையும் சூடாக்கவில்லை, ஒட்டவில்லை. வில்லுருக்கில் நெருப்புப் பட்டால் அதன் வீரியம் போய்விடும் என்று களஞ்சியச் சீட்டுகளில் பதினேழு தடவை வாசித்திருக்கிறேன். பட்டைகள் ஒன்றோடொன்று உராயும் முனைகளில், மீன் வெட்டும் நைலோன் பலகையை அறுத்துச் செய்த சிறு தகடுகளை வைத்தேன். நீண்ட அசைவுக்கு ஏற்ற சொக் அப்சோபர் இரண்டு பூட்டினேன். ஏழு வாரங்கள் சென்றன. வேலிக்கு அப்பால் நின்று பார்த்த குணேஸ்வரி, நான் நாள் முழுதும் வண்டிக்குக் கீழே கிடப்பதைக் கண்டு, "மாகிரட்டக்கா பிக்கப்புக்குப் பிரசவம் பாக்கிறா" என்று ஊருக்கெல்லாம் சொன்னா.

பரீட்சிப்பதற்கு ஒரு முறை வேண்டியிருந்தது. முன் ஆசனத்தில் ஒரு பேசினைக் கட்டி, ஐந்து லீற்றர் தண்ணீர் ஊற்றி, அந்தத் தடத்தை ஒரே வேகத்தில் ஓடி, மிஞ்சிய தண்ணீரை அளந்தேன். பழைய பட்டைகளோடு மிஞ்சியது இரண்டு லீற்றரும் நூறு மில்லிலீற்றரும். புதியவற்றோடு நான்கு லீற்றரும் நானூறு மில்லிலீற்றரும்.

"பேசினுக்குக் கால் விறைக்காது. என்னை ஏத்திப் பாரும்" என்றார் கிறிஸ்தோபர்.

ஏற்றினேன். வைத்தியசாலை வாசலில் இறங்கியபோது அவருடைய முழங்கால் என் கையில் மடங்கியது. தர்சிகா அன்றைய அட்டையில் 'இளக்கம் தேவைப்படவில்லை' என்று எழுதினா. அந்த அட்டையின் நிழற்பிரதி என் கோவையின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது.

இனி நாற்பத்தோராம் பக்கம். அதில் இருப்பது என் பிழை.

வில்பட்டை அடுக்கை அச்சோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பது, லாடம் போல் வளைந்த யூ போல்ட். கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இரும்பில் நம்பிக்கை இல்லை. உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் தின்னப்படாத ஆணியை நாங்கள் கண்டதில்லை. நல்லது எது என்று இங்கே எவரைக் கேட்டாலும் துருப்பிடிக்காததுதான் நல்லது என்பார்கள். நானும் அப்படியே நினைத்தேன். வள்ளங்களுக்கு இரும்பு வேலை செய்யும் சஜீத் எனக்கு நான்கு யூ போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத உருக்கில் வளைத்துத் தந்தார். பார்க்க வெள்ளிப் பாத்திரம் போல் இருந்தன.

2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை, வைத்தியசாலையிலிருந்து திரும்பும்போது இடப்பக்கப் பின்சில்லு மட்காட்டில் உரசும் சத்தம் கேட்டது. நிறுத்திக் கீழே புகுந்து பார்த்தேன். அச்சு ஒன்பது மில்லிமீற்றர் பின்னே நகர்ந்திருந்தது. காரணம் யூ போல்ட்டுகள்: துருப்பிடிக்காத அந்த உருக்கு மென்மையானது, இழுவையில் நீளும். அதன் சுரைகள், அதாவது நட்டுகள், புரியிலேயே கடித்துக்கொண்டு நிற்கும், திருகும் சாவிக்கு இறுகியது போல் இருக்கும், உள்ளே பிடி இருக்காது. களஞ்சியத்தில் இதைப் பற்றி ஒரு சீட்டும் வந்ததில்லை, ஏனென்றால் லொறிக்காரர் எவரும் வள்ளத்து ஆணியைப் பூட்டுவதில்லை. கிறிஸ்தோபர் முன் ஆசனத்தில் இருந்தார். வீதியில் வேகமாக ஓடும்போது அது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அன்றே எழுதினேன். கடைசி வரி: 'தவறு என்னுடையது. சஜீத்துடையது அல்ல.'

நாற்பத்து மூன்றாம் பக்கம், செப்டம்பர் 30: தம்பலகாமத்தில் வாங்கிய, எளிதில் நீளாத உயர் இழுவலு யூ போல்ட்டுகள் நான்கு, பற்றுச்சீட்டுடன், பூட்டிய பின் எடுத்த புகைப்படங்களுடன். துருவுக்குப் பூச்சும் கிறீசும். இரு வாரங்களுக்கு ஒரு ஞாயிறு சாவி வைத்துப் பார்த்தல். ஒக்டோபர் முதல் மார்ச் இறுதி வரை பதின்மூன்று பரிசோதனைகள், நாற்பத்தொன்பது பயணங்கள். அச்சு ஒரு மில்லிமீற்றரும் நகரவில்லை. பெப்ரவரியில் கிறிஸ்தோபர் இயன்மருத்துவ அறையில் இரு கம்பிகளுக்கு நடுவே நான்கு நிமிடம் நின்றார்.

காப்புறுதி மார்ச் 31இல் முடிவடைய இருந்தது. வாகனத்தில் மாற்றம் செய்தால் புதுப்பிப்பதற்கு முன் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு சொல்கிறது. மார்ச் 3ஆம் திகதி நானே எழுதி அறிவித்தேன். இந்த நிபந்தனையை வாசித்து அறிவித்த முதல் ஆள் நானாக இருக்கலாம்.

மதிப்பீட்டாளர் வெள்ளைக் காற்சட்டையுடன் வந்தார். வண்டியை உயர்த்தித் தாங்கி வைத்து, கீழே பாய் விரித்து, மின்குமிழும் கொழுவியிருந்தேன்.

"பாஸ் எங்க மிஸ்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"இல்லை, இதைச் செய்த பாஸ்?"

"அதைத்தான் சொல்லுறன்."

அதன் பிறகு அவர் கதிரையில் இருந்து கோவையைப் புரட்டினார். நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றார், கைத்தொலைபேசியால் அதைப் படமெடுத்தார், மூடினார். இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது என்று சொன்னேன். போதும் என்றார். அறிக்கையோடு இணைக்கப்பட்ட வாகனப் படங்கள் நான்கும் நின்ற உயரத்தில் எடுக்கப்பட்டவை. பாயில் ஒருவரும் படுக்கவில்லை.

ஏப்ரல் முதலாம் திகதி முதல் பிக்கப் நிற்கிறது. காப்புறுதி இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை, அது இல்லாமல் வீதியில் ஓட்ட முடியாது. வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு நிறுவனத்தின் விண்ணப்பத்திலும் 'வேறெந்த நிறுவனமாவது மறுத்துள்ளதா' என்ற கேள்வி உண்டு. இரண்டு நிறுவனங்களுக்கு 'ஆம்' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டும் அந்த அறிக்கையைக் கேட்டன.

வாடகை வான்கள் மணலுக்குள் வருவதில்லை. வீதி வரை உழவு இயந்திரப் பெட்டியில் போக வேண்டும். அதற்கு வில்லே கிடையாது. விடுமுறைகள் போக, பதினொரு சிகிச்சை நாட்களில் நான்குக்கு மட்டும் போனோம். நான்கு தடவையும் பலகைக் கால்கள். மே 16ஆம் திகதி அவர் நின்றது ஒன்றரை நிமிடம்.

ஏப்ரல் கடைசியில் சஜீத் வந்தார். நிறுவனத்தில் தெரிந்த ஒருவருடன் கதைத்திருந்தார். நகரத்துக் கராஜ் ஒன்று இந்த வேலையைத் தாங்கள் செய்ததாகக் கடிதம் தரும், புதிய கோவையோடு புதிதாக விண்ணப்பித்தால் இரண்டு கிழமையில் அலுவல் முடியும்.

"அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சிட்டா சரி அக்கா. எனக்கும் அதில என்ர பேர் கிடக்கிறது விருப்பமில்லை."

"உங்கட பிழை இல்லை எண்டெல்லோ எழுதியிருக்கிறன்."

"அதை ஆர் வாசிக்கப் போறது?"

அவர் போன பிறகு கோவையை நாற்பத்தோராம் பக்கத்தில் திறந்தேன். நான் மறைக்காமல் சொல்கிறேன்: அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தேன். என் நேர்மைக்கு விலை கொடுப்பது நான் அல்ல, சக்கர நாற்காலியில் இருப்பவர். ஆகவே அவரிடமே கேட்டேன்.

கிறிஸ்தோபர் பகிடி விடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை.

"கிழிக்காதேயும். நான் அண்டைக்கு எத்தனை தரம் இறங்கினனான் எண்டு ஒரு ஆள் எழுதி வச்சிருந்தா, அந்த டொக்டர் பேனாவை மூடியிருக்க மாட்டார். பிழையை எழுதி வச்ச ஒரே வாகனம் இதுதான். இதில இருந்தாத்தான் எனக்குப் பயமில்லை."

பிறகு, "ஆனா வேகமா எழுதும். கால் பலகையாப் போனா உம்மட வாங்குக்குக் காலாத்தான் பூட்ட ஏலும்" என்றார்.

மார்ச் 24, ஏப்ரல் 7, ஏப்ரல் 28 ஆகிய திகதிகளில் பதிவுத் தபாலில் மூன்று கடிதங்கள் அனுப்பியுள்ளேன். மூன்றுக்கும் கிடைத்ததற்கான கையொப்பம் என்னிடம் உண்டு. பதில் இல்லை. ஆகவே இந்தப் பகிரங்கக் கடிதம் வழியாக, என் மாவட்டத்தவர் முன்னிலையில் நான்காவது தடவையாகக் கேட்கிறேன்.

பிக்கப் உயர்த்தப்பட்டே நிற்கிறது. இரு வாரங்களுக்கு ஒரு ஞாயிறு பரிசோதனை தொடர்கிறது. பாய் அதே இடத்தில் விரிக்கப்படும். நிறுவனம் யாரை அனுப்பினாலும், அவர் கீழே படுத்து, நான்கு யூ போல்ட்டுகளையும் தொட்டுப் பார்த்து, அவை எந்த உருக்கு என்று எழுத வேண்டும். மார்ச் 12ஆம் திகதி வந்தவர் வாகனத்தின் அடியைப் பார்த்தாரா இல்லையா என்பதற்கு, ஆம் அல்லது இல்லை என்று பதில் வேண்டும். நாற்பத்தோராம் பக்கத்தை வாசித்தவர் நாற்பத்து மூன்றாம் பக்கத்தை ஏன் வாசிக்கவில்லை என்பதற்குக் காரணம் வேண்டும். தொலைபேசியில் சொல்வதை ஏற்க மாட்டேன். இன்று 2025 மே 19. பதினான்கு நாட்களுக்குள், திகதியும் கையொப்பமும் இட்டு, எழுத்தில் பதில் தருக.