ஒன்பதாம் பாடத்து ரொட்டிக் கணக்கு

சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்து ஈரம் காய்ந்ததும் வாத்தியார் தன் நாற்காலியில் உட்காருவார். எதிரே மகள். அவர் கணக்கை வாசிப்பார், அவள் போடுவாள். யாரும் முந்திக்கொண்டு விடையைச் சொல்லக் கூடாது. "என்ன வந்துச்சு?" என்று அவர் கேட்டதும் இருவரும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால் ஒரு டிக். ஒத்துப்போகாவிட்டால் தேநீர் ஆறிப்போகும்வரை சண்டை.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான்.

"இழுப்பறையில ஆறு கறுப்பு சாக்ஸ், நாலு பழுப்பு சாக்ஸ். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு எடுத்தா ஒரே நிறமா வர என்ன வாய்ப்பு?" மகள் எழுதி முடித்தாள். "என்ன வந்துச்சு?"

"பதினஞ்சுல ஏழு" என்றார்கள் இருவரும்.

"மீதி எட்டுதான் பட்டமளிப்பு விழாவுக்குப் போச்சு" என்றாள் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து. "ஒரு கால் கறுப்பு, ஒரு கால் பழுப்பு. மேடையில முதல் வரிசை வேற."

"செஞ்சு பாக்காத கணக்கை நான் போடுறதில்ல" என்றார் வாத்தியார்.

அது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அவர் மாலைக் கல்லூரியில் புள்ளியியல் நடத்தினார். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் நர்சுகள், பேருந்து ஓட்டுநர்கள், கடைக் கணக்கர்கள்தான் அவருடைய மாணவர்கள். அவர்களுக்காகப் பயிற்சிக் கணக்குகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டிருந்தார். பைக்குள் சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று தொடங்கும் கணக்குகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "எவன் வீட்டுலப்பா பைக்குள்ள பந்தைப் போட்டு வச்சிருக்கான்?" என்பார். அதனால் அவர் புத்தகத்தில் இருந்ததெல்லாம் அந்தத் தெருதான். தையல்காரர் தைத்த சட்டைகளில் எத்தனை பொத்தான் தெறித்தது, மருத்துவமனை லிஃப்ட் எத்தனை தடவை பாதியில் நின்றது, பேருந்துக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று எல்லாம் அவரே நின்று பார்த்து எழுதியவை. ஒரு ஓட்டுநர் முதல் நாள் வகுப்பிலேயே எழுந்து, "சார், நாலாம் பாடத்துல லேட்டா வர்ற வண்டி என்னோடதுதானே?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாப்பா. உன்னாலதான் விலகல்னா என்னன்னு என்னால புரிய வைக்க முடியுது" என்றாராம் வாத்தியார். வகுப்பு சிரித்து ஓய நேரமானது.

எல்லோரும் அப்படிச் சிரித்துவிட்டுப் போகவில்லை. ரொட்டிக் கடைக்காரர் போகவில்லை.

கடைப் பலகையில் 'ரொட்டி நானூறு கிராம்' என்று எழுதியிருக்கும். வாத்தியார் ஒரு மாதம் நாள்தோறும் ஒரு ரொட்டி வாங்கி, வீட்டில் வைத்திருந்த ஆய்வகத் தராசில் எடை போட்டார். வீட்டில் மூன்று வேளையும் ரொட்டி. "உங்க புள்ளியியல் என் தொண்டையில நிக்குது" என்றாள் மனைவி. சராசரி முந்நூற்றுத் தொண்ணூறைத் தாண்டவில்லை. ஒன்பதாம் பாடத்தில் அது கணக்காக ஏறியது. புத்தகத்தின் கடைசியில் விடையும் ஏறியது: 'நானூறு கிராம் என்ற கூற்றை ஏற்பதற்கில்லை.'

கடையின் பெயரைப் போடவில்லைதான். ஆனால் அந்த வட்டாரத்தில் ரொட்டிக் கடை ஒன்றுதான். மாணவர்கள் கடைக்குப் போய், "அண்ணே, மீதி பத்து கிராம் எங்க?" என்று வம்புக்கு இழுத்தார்கள். கல்லூரி சிற்றுண்டிச்சாலை வேறு இடத்தில் ரொட்டி வாங்கத் தொடங்கியது. கடைக்காரர் வாத்தியாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வாத்தியார் கடைப் பக்கம் வந்தால் உள்ளே போய்விடுவார். வாத்தியாரும் அசையவில்லை. "நான் பொய் எழுதலையே. தராசு சொன்னதை எழுதினேன்" என்பார்.

இப்போது புதிய பதிப்பு அச்சுக்குப் போகவிருந்தது. சாக்ஸ் முடிந்து, மற்ற கணக்குகள் முடிந்து, ரொட்டி வந்தது. மகள் ஒரு தொழிற்சாலையில் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். எதையும் எங்கே, எப்போது அளந்தார்கள் என்று கேட்பது அவளுக்குப் பழக்கதோஷம்.

"இதை எப்பப்பா வாங்கினீங்க?"

"கிளாசுக்குப் போற வழியில."

"தினமும் சாயங்காலமா?"

"தினமும்தான். அந்த நேரத்துக்குத்தானே அந்தப் பக்கம் போறேன்."

வாத்தியார் பென்சிலைக் கீழே வைத்தார்.

விடியலில் சூளையிலிருந்து இறங்கும் ரொட்டி சாயங்காலம்வரை தட்டில் கிடந்து காயும். காய்ந்தால் எடை குறையும். காலையில் வாங்கிப் போனவர்களின் ரொட்டி அவர் தராசில் ஏறவே இல்லை.

"ரெண்டாம் பாடத்துல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார், தெரியாதவர் போல.

"மாதிரியைத் தேர்ந்தெடுக்குறது எப்படி."

"அதை நடத்துறவனே அதுல ஃபெயில்." தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. "பாவம்மா அந்த மனுஷன். திங்கக்கிழமை விடியக்காலம் போறேன். முதல்ல தப்பு என்னுதுன்னு சொல்லணும். அப்புறம் பூரா நாளும் அங்கயே நின்னு எடை போடணும். தராசை எடுத்து வாசல்ல வை, மறந்துடுவேன்."

அவள் எடுத்து வைத்தாள்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அதே நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேரை மகளுக்கு முகத்தால் தெரியாது, கணக்கால் தெரிந்தது. பொத்தான் தெறித்த தையல்காரர், தாமதமான ஓட்டுநர். ஒரு நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயிரம் குழந்தை கணக்குல வர்ற பிள்ளை நீங்கதானே?" என்றாள்.

அவள்தான். அவளுக்கு ஆறு வயதில் ஒரு ரத்தப் பரிசோதனை கெட்ட செய்தி சொன்னது. அம்மா அழுது ஓயவில்லை. வாத்தியார் ஒரு பெரிய தாளை விரித்து ஆயிரம் புள்ளி வைத்தார். ஆயிரம் குழந்தைகளில் அந்த நோய் பத்துப் பேருக்கு இருக்கும். பத்தில் ஒன்பதைப் பரிசோதனை கண்டுபிடிக்கும். ஆனால் நோயே இல்லாத தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேரிலும் பத்தில் ஒன்றைத் தவறாகப் பிடிக்கும், அது தொண்ணூற்றொன்பது. ஆக, பயந்து வீட்டுக்குப் போகிற நூற்றெட்டுக் குழந்தைகளில் ஒன்பதுக்குத்தான் நோய். பன்னிரண்டில் ஒன்று.

"அந்த ஒண்ணு நம்ம பிள்ளையா இருந்தா?" என்றாளாம் அம்மா.

"இருந்தா பாத்துக்கலாம். மீதி பதினொண்ணுக்கும் சேத்து இப்பவே அழ வேண்டாம்."

மறு பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஆனால் மகள் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பது அந்த விடையை அல்ல. புள்ளி வைத்து முடிப்பதற்குள் அம்மா சாப்பிட உட்கார்ந்துவிட்டாள் என்பதைத்தான்.

"வார்டுல பயந்து வர்ற அம்மாக்களுக்கு நான் அதைத்தான் சொல்றேன்" என்றாள் நர்ஸ். "புள்ளி வைக்க எனக்கு நேரமில்ல. ஆனா சார் சொன்ன மாதிரியே சொல்லிடுவேன்."

ரொட்டிக் கடைக்காரரும் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று அம்மாவிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "சாருக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். இன்னிக்கு நீங்க யாரும் சமைச்சிருக்க மாட்டீங்க." அவர் காலடியில் தராசுப் பெட்டி இருந்தது. மகளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் அச்சகக்காரர் போன் செய்தார். எல்லாப் பாடமும் வந்துவிட்டது, ஒன்பதில் ரொட்டிக் கணக்கின் மேல் மட்டும் சார் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார், எடுத்துவிடவா?

"எடுத்துடச் சொல்லு" என்றாள் அம்மா. "ஒரு கணக்கு இல்லாட்டி என்ன, குடியா முழுகிடும்?"

"பழைய புத்தகம் எல்லார் கையிலயும் இருக்கும்மா. பேசாம எடுத்துட்டா கடைக்காரர் திருடின மாதிரியே இருக்கும்."

"அதுக்கு?"

"அளந்து போடணும்."

"அப்படியே அவரு" என்று சொல்லிவிட்டு அம்மா பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். மகள் அச்சகக்காரரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னாள்.

மறுநாள் விடியலில் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. மாவு படிந்த கையோடு கடைக்காரர் குனிந்து பார்த்தார். தராசுப் பெட்டியைக் கண்டதும் ஷட்டரை மேலே ஏற்றாமல் நிறுத்தினார்.

"இன்னும் முடியலையாம்மா உங்களுக்கு?"

"அப்பா திங்கக்கிழமை இங்க வர்றதா இருந்தார்ணே. தப்பு என்னுதுன்னு உங்ககிட்ட சொல்லணும்னார். சாயங்கால ரொட்டியை மட்டும் எடை போட்டு எழுதிட்டேன்னார்."

கடைக்காரர் ஷட்டரைப் பிடித்தபடியே நின்றார். "சாரா சொன்னார்?"

"அவரே கண்டுபிடிச்சு, அவரே சிரிச்சார்."

அவர் கையைத் துண்டில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "திங்கக்கிழமை வந்திருந்தா ஒரு டீ போட்டுக் குடுத்திருப்பேன்" என்றார். பிறகு, "சரி, இப்ப நீ போட்டுப் பாத்து, அப்பவும் குறைஞ்சா?"

"குறைஞ்சதுன்னுதான் எழுதுவேன்ணே."

"அதானே. வேற எப்படி எழுதுவே." ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டார். உள்ளே சூளையின் சூடு முகத்தில் அடித்தது. "எந்தத் தட்டுலேருந்து வேணும்?"

"எல்லாத் தட்டுலேருந்தும். மதியமும் வேணும், சாயங்காலமும் வேணும்."

"அப்ப நாள் பூரா நிக்கணும்."

"நிக்கிறேன்."

அவர் மேசையின் ஒரு ஓரத்தில் மாவைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். அவள் தராசை எடுத்து வைத்து, மட்டம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.