ஏகாம்பரம் அண்ணனோடு ஏழு நாள் பாய்மரக் கப்பலில்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார். மாரடைப்பு. காலையில் கம்பெனி குரூப்பில் மெசேஜ் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன்... பக்கத்து சீட் காலி.

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட். முசரவாக்கத்திலிருந்து பைக்கில் வந்து காஞ்சிபுரத்தில் ஏறுவார். ஏறிய ஐந்தாவது நிமிஷம் தூங்கி என் தோளில் சாய்ந்துவிடுவார். எண்ணெய் தேய்த்த தலை. என் யூனிஃபார்மில் அந்த இடத்தில் மட்டும் கறை இருக்கும்.

என் அப்பா இறந்தபோது எங்கள் காலனிக்கு வந்தார். வெயிலில் கடைசி வரைக்கும் நின்றார். கூல்டிரிங்ஸ் கொடுத்தார்கள், கையில் வாங்கிக்கொண்டார். குடித்தாரா என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

கேன்டீனில் சாப்பிட மாட்டார். வீட்டுச் சாப்பாடுதான். அல்சர் என்பார்.

இரண்டு வருஷம் முன்பு பெஸ்ட் டீம் என்று எங்கள் ஆறு பேரைக் கம்பெனி இந்தோனேசியா அனுப்பியது. ஓட்டலில் தங்கும் டூர் இல்லை. ரெண்டு பாய்மரம் வைத்த பழைய மாடல் மரக்கப்பல், ஏழு நாள், தீவு தீவாக. வந்தவர்கள்தான் வேலை செய்ய வேண்டும்... கயிறு இழுத்துப் பாய் ஏற்றுவது, சுக்கான் பிடிப்பது, தளம் கழுவுவது எல்லாம்.

காலையில் கப்பல்காரர்கள் பிரெட்டும் வாழைப்பழமும் வைப்பார்கள். மற்ற ரெண்டு வேளையும் எங்கள் சமையல். முதல் ரெண்டு நாள் என் முறை.

மீன் குழம்பு வைத்தேன். கேப்டனே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஏகாம்பரம் அண்ணன் மட்டும் வரவில்லை. "வாந்தி வருதுபா. கடல் ஒத்துக்கல." பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் எங்கள் டீம் சுரேஷ் சமைத்தான். குழைந்த சோறு, உப்பே இல்லாத சாம்பார். அண்ணன் ரெண்டு தட்டு சாப்பிட்டார். உடம்பு சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்ட முட்டாள் நான்தான்.

நான்காம் நாள் எல்லாரும் கேட்டார்கள் என்று மறுபடி நான். அவருக்கு மறுபடி வாந்தி. தனியாகக் கஞ்சி காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு, மேல்தளத்துக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். ஸ்பூன் எடுக்கப் போனவன் திரும்பிப் பார்த்தால்... கஞ்சியைக் கடலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா?"

கோபமே இல்லாமல் சொன்னார். "தப்பா எடுத்துக்காதபா எட்வின். உன் மேல ஒண்ணும் இல்ல. உங்க ஆளுங்க கையால சாப்ட்டுப் பழக்கமில்ல. தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"ஒம்பது வருசமா என் தோள்ல தூங்கிக்கினு வந்தீங்களேண்ணா."

"அது வேற, இது வேறபா."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். நேராகக் கேப்டனிடம் போனேன். மீதி நாளும் கிச்சனை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். எங்கள் பசங்களும் கை தட்டினார்கள். அண்ணன் மட்டும் என்னைப் பார்த்தார்.

காரணத்தை அவரால் யாரிடமும் சொல்ல முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் நாள் முறுக்கு தீர்ந்தது. நான் ரெண்டு வேளையும் வெங்காயம் வதக்கினேன். வாசனை மேலே போகட்டும் என்று கிச்சன் ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஆமாம், வேண்டுமென்றுதான்.

ஆறாம் நாள் பாய் ஏற்றும்போது அவர் பிடி நழுவியது. கயிறு உருவிக்கொண்டு ஓடியதில் ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது. மருந்து வைத்துக் கட்டு போட்டது நான்தான்.

"பசிக்குதாண்ணா?" என்றேன்.

கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் மதியம். ஒரு சின்னத் தீவு பக்கம் நங்கூரம் போட்டு எல்லாரும் தண்ணீரில் குதித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கிச்சனில் தனியாக இருந்தேன். கதவுப் பக்கம் நிழல் தெரிந்தது. ஏகாம்பரம் அண்ணன். கட்டுப் போட்ட ரெண்டு கையாலும் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சோறு இருக்குதாபா?"

குண்டானில் பாதிக்கு மேல் இருந்தது. மூடி மேல் என் கை இருந்தது.

"தீந்துடுச்சுண்ணா."

அவர் குண்டானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் அந்தச் சுத்தமான தட்டையே குழாயில் ஒரு தடவை கழுவி, ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போனார். கட்டு நனைந்துவிட்டது.

அவர் போனபிறகு சோற்றைக் கடலில் கொட்டினேன். மீன்கள் வந்தன.

திரும்பி வந்தபிறகும் பஸ்ஸில் அதே சீட்தான். ஆனால் அவர் தூங்கவில்லை, பேசவும் இல்லை. ரெண்டு வருஷம். நான் "வாங்கண்ணா" என்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் வேனில் முசரவாக்கம் போனோம். மாலை போட்டேன். வெளியே வரும்போது அவர் மனைவி கூப்பிட்டார்.

"நீங்கதான எட்வின்? கப்பல் போட்டோவுல அவர் பக்கத்துல நிக்கிறீங்க."

"ஆமாக்கா."

"அங்க போய் வந்ததுலேர்ந்து ஒரு வேள ஒழுங்கா சாப்ட்டது இல்ல தம்பி. தட்டுல சோத்த வெச்சா பாத்துக்கினே ஒக்காந்திருப்பாரு. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. என்னா நடந்துச்சு அங்க?"

"ஒண்ணும் இல்லக்கா. ஜாலியாத்தான் இருந்தோம்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நாளைக்குப் பால் தெளிக்கிறார்கள். மற்றவர்கள் போகிறார்கள். எனக்கு மார்னிங் ஷிஃப்ட்.

போய் வாங்கண்ணா...