எடை பார்த்த பிறகு ஒரு டம்ளர்

உள்ளறையில் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பாதியில் சிக்கி, மறுபடியும் இழுபட்டு, நின்றது.

சமையலறையில் பருப்பு கழுவிக்கொண்டிருந்த பிரிஜெட்டின் கையும் நின்றது. பதினொரு வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்குக் கேட்டுப் பழகிய சத்தம் அது. மகள் ஜோவிதா குத்துச்சண்டைப் பயிற்சிக்குக் கிளம்புகிறாள் என்று அர்த்தம். இப்போதோ சாயங்காலம் நாலு மணி. கிளப்புக்குச் சொந்தமான கிளவுஸையும் ஹெட்கார்டையும் பைக்குள் போட்டு மூடுகிறாள். அதை வாங்கிப்போக கோச் கணேசமூர்த்தி முன்னறையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மர்பி டவுனில் பிறந்து, அங்கேயே டென்சிலுக்கு வாழ்க்கைப்பட்டு, முப்பத்தெட்டு வயதில் அவனைப் பறிகொடுத்தவள் பிரிஜெட். கான்வென்ட் ஹாஸ்டலில் சமையல் வேலை. தினமும் அறுபது பெண்களுக்குக் காபி போடுவாள். உலகத்தில் தனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான் என்று சொல்லிச் சிரிப்பாள். அப்பா இறந்த வருடம், பதிமூன்று வயது ஜோவிதா யாரோடும் பேசாமல், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கிளப்பில் மணல் மூட்டையைக் குத்த ஆரம்பித்தாள். குத்திக் குத்தித்தான் அவளுக்கு அழுகை நின்றது.

மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினால் விளையாட்டு கோட்டாவில் அரசு வேலை. அதற்கு வயது வரம்பு இருபத்தைந்து. வருகிற நவம்பரில் ஜோவிதாவுக்கு இருபத்தைந்து முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அந்தப் போட்டி.

அதற்குப் பத்து நாள் முன்பு, "இனிமே எனக்குக் காபி வேணாம்மா. கோச் சொல்லிட்டாரு" என்றாள் ஜோவிதா. காபி இல்லாத தலைவலியில் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்க்கப் பொறுக்காமல், பிரிஜெட்டும் காபியை விட்டாள். எடை குறைக்கத்தான் இந்த விரதம் என்று நினைத்தாள். ஒவ்வொரு தவக்காலத்திலும் நாற்பது நாள் காபியை விட்டு, ஈஸ்டர் காலையில் முதல் டம்ளர் குடிக்கிறவள் அவள். போட்டிக்கு முன்னால் எடை பார்த்து முடித்துவிட்டால் ஈஸ்டர் வந்துவிட்டது என்பதுதான் அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் வேலையை முடித்து, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டேடியத்துக்கு ஓடினாள். பத்தேகாலுக்கு கேட்டருகே மகளைப் பிடித்தாள். பால் சேர்க்காத முதல் டிகாஷன். ஜோவிதா ஒரு நிமிடம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு இரண்டு டம்ளர் குடித்தாள்.

முதல் ரவுண்டில் அவள் மின்னல். இரண்டாவது ரவுண்டில் கைகள் நடுங்கின, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். டாக்டர் நாடி பார்த்துவிட்டுச் சண்டையை நிறுத்தினார்.

"நா குடுத்தது ஒரே மாத்திரை" என்று, பையோடு வந்த ஜோவிதாவிடம் கோச் சொல்லும் குரல் இப்போது முன்னறையிலிருந்து வந்தது. "இருநூறு மில்லிகிராம். காபில இருக்கிற அதே சரக்கு. தடை பண்ண மருந்துகூட இல்ல. பத்து நாள் காபி குடிக்காத உடம்புக்கு அது நல்லா ஏறும்னுதான் விரதமே. ஒரு மாத்திரைக்கு எப்டிம்மா அப்டி நாடி ஓடும்?"

பருப்புப் பாத்திரம் பிரிஜெட்டின் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. மாத்திரையா?

"இன்னொண்ணு போட்டுக்கினேன் சார்" என்றாள் ஜோவிதா. "பயமா இருந்துச்சி."

"பயமா? உனக்கா? தூக்கத்துலகூட ரைட்டு குத்து விடுவ, உங்கம்மா தள்ளிப் படுக்கணும்னு நாந்தான சொல்லுவேன்." அவர் குரல் இறங்கியது. "பதினோரு வருசம் ரிங்குல உன் கார்னர்ல நின்னேன். எங்கிட்ட மறைச்சிட்டியே."

"சாரி சார்."

பிரிஜெட் ஈரக் கையோடு வந்து கதவருகே நின்றாள். "அவ பொய் சொல்றா சார். நாந்தான் டிகாஷன் குடுத்தேன். ரெண்டு டம்ளரு."

"அம்மா, நீ உள்ள போ."

"மாத்திர போட்டது எனக்குத் தெரியாது சார்."

கோச் ஜோவிதாவிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமில்ல, ரெண்டும் ஒரே சரக்குன்னு?"

"தெரியும் சார்." அவள் தரையைப் பார்த்தாள். "பத்து நாளா அம்மாவும் குடிக்கல. எனக்காகத்தான். பிளாஸ்க்க எடுத்துக்கினு ஓடி வந்து நிக்கிறாங்க. எப்டி சார் வேணாம்னு சொல்றது?"

கோச் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "டாக்டர் எழுதினது. ஆறு மாசம் ரிங்கு பக்கமே போகக்கூடாது. என்னால ஆனது எல்லாம் பேசிப் பாத்துட்டேன்மா."

ஆறு மாதம். நவம்பர் அதற்குள் வந்து போய்விடும். தாயும் மகளும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கோச் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்தவர் வெறும் வாயோடு கிளம்புகிறாரே என்று பழகிப்போன நாக்கு முந்திக்கொண்டது. "ஒரு வாய் காபி..." என்று ஆரம்பித்தாள் பிரிஜெட். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"பரவால்லம்மா" என்றார் அவர்.

செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, சந்தில் இறங்கி நடந்தார். அவர் திருப்பத்தில் மறையும்வரை பிரிஜெட் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.